சமயநல்லூர் வயக்காடு: வாழலாமா, வாங்கலாமா, வந்து பார்க்கலாமா?

'மதுரைக்குப் பக்கத்துல ஒரு ஏக்கர் வாங்கிப் போட்டு, சின்னதா ஒரு வீடு, நாலு தென்னை, ரெண்டு மாடுன்னு இருக்கலாம்னு பார்க்கிறேன். எந்தப் பக்கம் நல்லது?' சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று பல ஊர்களிலிருந்தும் இந்தக் கேள்வி நமக்கு வந்துகொண்டே இருக்கிறது. இன்னொரு பக்கம், 'ஒண்ணே கால் ஏக்கர் நஞ்சை இருக்கு. பிளாட் போடுறவங்க தினமும் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. கொடுத்துடலாமா?' என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் ஒரே ஊரில் நின்று பதில் தேடினால் தெளிவாக இருக்கும். அதற்குச் சமயநல்லூரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது சிரமம்.

எங்கே இருக்கிறது?

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் திண்டுக்கல் பக்கம் போகும் வண்டியில் ஏறினால் பாத்திமா கல்லூரி, விளாங்குடி, பரவை தாண்டி சமயநல்லூர் வந்துவிடும். மதுரை – திண்டுக்கல் ரயில் பாதையில் கூடல்நகருக்கும் சோழவந்தானுக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷனும் உண்டு. பயணிகள் ரயில் நிற்கும். விரைவு வண்டிகள் நிற்காமல் ஓடிவிடும். நான்குவழிச் சாலை ஊரை ஒட்டியே போகிறது.

சாலையில் நின்று பார்த்தால் பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், ஹோட்டல், மனை விற்பனைக் கொடிகள். ஊர் டவுனாகிவிட்டது என்றுதான் தோன்றும். சாலையை விட்டு வைகை ஆற்றுப் பக்கமாக தேனூர், திருவேடகம், சோழவந்தான் என்று உள்ளே போனால் காட்சி மாறிவிடும். நெல் வயல், வாழை, தென்னந்தோப்பு, வெற்றிலைக் கொடிக்கால். வடக்கே அலங்காநல்லூர் பக்கம் போனாலும் கால்வாய்த் தண்ணீரில் விளையும் பூமிதான். பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் மீனாட்சியம்மன் கோபுரம் இருக்கும் ஊர், இத்தனை காலம் வயலை வைத்துக்கொண்டிருப்பதே பெரிய விஷயம். அதற்குக் காரணம் தண்ணீர்.

தண்ணீர்தான் இந்த மண்ணின் விலை

மேற்குத் தொடர்ச்சி மலையில் மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பியவர் பென்னிகுயிக். 1887-ல் தொடங்கிய முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் வைகையில் சேர்ந்து வருகிறது. 1959-ல் கட்டி முடிக்கப்பட்ட வைகை அணை அதைத் தேக்கிவைத்துக் கொடுக்கிறது. அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. மதுரை மாவட்ட விவசாயிகளுக்கு இந்த 71 என்ற எண், பிள்ளைகளின் பிறந்த தேதி மாதிரி மனப்பாடம்.

ஆற்றில் வரும் தண்ணீர் பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குப் பிரிகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை உள்ள 45,041 ஏக்கர் இருபோகப் பகுதி. கள்ளந்திரிக்குக் கீழே மேலூர் வரைக்கும், திருமங்கலம் கால்வாயின் கீழும் ஒருபோகம். அது மொத்தம் 1,05,002 ஏக்கர். அணையில் இருப்பு சரியாக இருந்தால் ஜூன் முதல் வாரத்தில் இருபோகப் பகுதிக்கு முதல்போகத் தண்ணீர் திறப்பார்கள். வழக்கமாக 120 நாள் கணக்கு. அதில் முதல் 45 நாள் தொடர்ச்சியாகவும், மீதி 75 நாள் முறைவைத்தும் விடுவார்கள்.

ஆற்றை ஒட்டிய ஊர்களுக்கு இதற்கெல்லாம் முந்தைய ஏற்பாடு ஒன்று உண்டு. வைகையிலிருந்து பிரியும் பழைய வாய்க்கால்கள், அவை நிரப்பும் கண்மாய்கள். ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகும். ஆகவே சமயநல்லூர் வட்டாரத்தில் நிலத்தைப் பற்றி விசாரிக்கும்போது முதல் கேள்வி, 'சென்ட் என்ன விலை?' என்பதாக இருக்கக் கூடாது. 'எந்த வாய்க்கால், எந்த மடை, தலைமடையா கடைமடையா?' என்று கேட்க வேண்டும். ஒரே சர்வே எண்ணில் இருந்தாலும், தலைமடை வயலும் கடைமடை வயலும் வேறு வேறு சொத்து.

வாழ்க்கை எப்படி இருக்கும்?

காலை ஆறு மணிக்கு இங்கே இரண்டு கூட்டத்தைப் பார்க்கலாம். ஒன்று மண்வெட்டியோடு வயலுக்குப் போவது. இன்னொன்று சாப்பாட்டுத் தூக்கோடு மதுரைக்கு பஸ் ஏறுவது. பெரும்பாலான வீடுகளில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். அப்பா வயலைப் பார்க்க, மகன் நகரத்தில் வேலைக்குப் போகிறார். வீட்டில் ஒன்றிரண்டு மாடு; பால் சொசைட்டிக்கு ஊற்றி வாரச் செலவைப் பார்த்துக்கொள்கிறார்கள். நெல்லில் போட்ட பணம் திரும்பி வர நாலு மாதம் ஆகும். அதுவரை குடும்பத்தை ஓட்டுவது பாலும் நகரத்துச் சம்பளமும்தான். 'கிராமத்து வாழ்க்கை' என்று கனவு காண்கிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

நெல்லில் கோ 51, ஆடுதுறை 45 போன்ற 105 முதல் 110 நாள் ரகங்கள் இருபோகத்துக்கு ஏற்றவை. நடவுக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. தண்ணீர் திறந்ததும் எல்லா வயலும் ஒரே வாரத்தில் நடவுக்குத் தயாராகிவிடுவதால், ஆளுக்கும் டிராக்டருக்கும் ஒரே நேரத்தில் போட்டி. அறுவடையிலும் இதே கதை. இயந்திரம் வர இரண்டு நாள் தாமதமாகி, நடுவில் ஒரு மழை பெய்துவிட்டால் நெல் சாய்ந்துவிடும். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் காய வைத்து, ஈரப்பதம் பார்த்து, முறைக்குக் காத்திருந்து போட வேண்டும். வெளியூரில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே செய்யக்கூடிய வேலை இல்லை இது.

சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் தனி உலகம். அகத்தியைத் துணைமரமாக வளர்த்து அதில் கொடியை ஏற்றுகிறார்கள். நிழலும் ஈரமும் எப்போதும் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கவும் கூடாது, காயவும் கூடாது. இலையைக் கிள்ளி, எண்ணி, கவுளி கட்டி அனுப்பும் வேலையில் குடும்பமே உட்காரும். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிக்கு 2013-லேயே கிடைத்திருந்தது. பெயர் கிடைத்ததில் மகிழ்ச்சிதான். ஆனால், கொடிக்கால் வைக்க ஆளும் தொடர்ச்சியான தண்ணீரும் வேண்டும். இரண்டும் குறையக் குறைய, கொடிக்கால் இருந்த இடத்தில் தென்னை வருகிறது. தென்னை வைத்தவர் வேலைக்குப் போகலாம். கொடிக்கால் வைத்தவர் போக முடியாது.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

இப்போது நிலத்துக்கு வருவோம். நான்குவழிச் சாலை ஏற்கெனவே இருக்கிறது. வாடிப்பட்டியிலிருந்து தாமரைப்பட்டிக்கு மதுரையைச் சுற்றிப்போகும் புதிய நான்குவழிச் சாலையும் இந்த வட்டாரத்தின் மவுசைக் கூட்டியிருக்கிறது. சாலையோர நிலத்தின் விலையை நெல் தீர்மானிக்கவில்லை, மனை தீர்மானிக்கிறது.

உதாரணத்துக்கு, சென்ட் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கர் ஒரு கோடி. அந்தப் பணத்தை 6 சதவிகித வட்டிக்குப் போட்டால் வருடத்துக்கு 6 லட்சம். ஒரு ஏக்கரில் இரண்டு போகம் நெல் போட்டு, செலவு போக 6 லட்சம் எடுக்க முடியுமா? எந்த விவசாயியும் சிரித்துவிடுவார். மனை விலை கொடுத்து நிலம் வாங்கி, நெல் போட்டு லாபம் பார்க்க முடியாது. விவசாயம் செய்யத்தான் ஆசை என்றால், சாலையை விட்டு உள்ளே தள்ளிப் பாருங்கள். அல்லது முதல் இரண்டு வருடம் குத்தகைக்கு எடுத்துச் செய்து பாருங்கள். இரண்டு ஜூன் மாதத்தையும் இரண்டு ஐப்பசியையும் அந்த ஊரில் இருந்து பார்த்தவருக்கு, எந்த வயலில் தண்ணீர் ஏறும், எது வெள்ளத்தில் மூழ்கும், யார் நல்ல பக்கத்துக்காரர் என்பதெல்லாம் தெரிந்துவிடும். எந்தப் பத்திரத்திலும் இந்த விவரம் இருக்காது.

விற்பவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆயக்கட்டின் நடுவில் ஒருவர் மட்டும் மனைக்குக் கொடுத்தால் என்ன நடக்கும்? முதலில் மண் அடித்து மேடாக்குவார்கள். வயலுக்கு வயல் பாய்ந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றுவிடும். பிறகு வாய்க்காலின் குறுக்கே பாதை போட்டு, சின்னதாக ஒரு குழாய் புதைப்பார்கள். இரண்டு மழையில் அது அடைத்துக்கொள்ளும். கீழே இருக்கிற வயல்காரர்கள் ஒரு போகத்தை இழப்பார்கள். அடுத்த வருடம் அவர்களும் விற்கத் தயாராகிவிடுவார்கள், அதுவும் குறைந்த விலைக்கு. தலைமடையில் ஒருவர் போடும் கையெழுத்து, கடைமடை வரைக்கும் போகும். மகளின் கல்யாணம், மருத்துவச் செலவு என்று விற்க வேண்டிய நெருக்கடி யாருக்கும் வரும். அதைக் குறை சொல்ல முடியாது. விற்பதற்கு முன்பு பக்கத்து வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பது பழைய வழக்கம். அதைக் கைவிடாதீர்கள். வாய்க்காலும் வரப்பும் அளந்து கல் நடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பத்திரத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

* பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு: மூன்றும் வருவாய்த் துறை இணையதளத்தில் கிடைக்கும். விற்பவரின் பெயர், சர்வே எண், நஞ்சையா புஞ்சையா, பட்டா நிலமா புறம்போக்கா என்று சரிபாருங்கள்.
* வில்லங்கச் சான்று: குறைந்தது 30 வருடத்துக்கு எடுங்கள். பவர் பத்திரம், கிரய ஒப்பந்தம், வங்கி அடமானம் தெரியவரும். பதிவு செய்யாத கடன் இதில் வராது. அதை ஊரில்தான் விசாரிக்க வேண்டும்.
* புலப்படம்: சர்வேயரை வைத்து அளந்து, படத்தோடு ஒப்பிடுங்கள். வண்டிப்பாதை படத்தில் இருக்கிறதா என்பது முக்கியம். 'இந்த வரப்பு வழியாத்தான் காலங்காலமா போறோம்' என்பது, வரப்புக்காரர் வேலி போடும்வரைதான்.
* கிணறும் கரன்டும்: கூட்டுக் கிணறு என்றால் எத்தனை பங்கு, எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று பத்திரத்தில் எழுத வேண்டும். மின் இணைப்பு எண்ணையும் சேர்த்து எழுதி, பெயர் மாற்றம் செய்துகொள்ளுங்கள். விவசாய மின் இணைப்பைப் புதிதாக வாங்குவது நீண்ட காத்திருப்பு.
* குத்தகைதாரர்: நிலத்தில் உழுகிறவர் யார் என்று பாருங்கள். 1955-ம் வருடச் சட்டம் குத்தகை விவசாயியைப் பாதுகாக்கிறது. 1969-ம் வருடச் சட்டப்படி குத்தகைதாரர் பெயர் பதிவாகியிருந்தால், அவரை ஒதுக்கிவிட்டு நிலத்தை எடுக்க முடியாது.
* பஞ்சமி நிலம், கோயில் நிலம்: விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டுப் பிறகு அலையாதீர்கள். பஞ்சமி நிலத்தைப் பட்டியல் சமூகத்தினர் அல்லாதவர் வாங்கினால் செல்லாது. கோயில் நிலத்துக்குக் கிரயப் பத்திரம் காட்டுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.
* செலவு: 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். பேசும் விலையோடு இதையும் சேர்த்துக் கையில் வைத்திருங்கள்.

வந்து பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. சமயநல்லூரை ஒட்டிய தேனூருக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் பழைய உறவு. ஒரு காலத்தில் கள்ளழகர் தேனூரில்தான் ஆற்றில் இறங்கினார் என்றும், 17-ம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் காலத்தில் அது மதுரைக்கு மாறியது என்றும் சொல்கிறார்கள். வண்டியூர் பக்கம் ஆற்றுக்குள் இருக்கும் தேனூர் மண்டபம் அந்த உறவுக்குச் சாட்சி. இதே தேனூரில்தான் தமிழி எழுத்து பொறித்த தங்கக் கட்டிகள் கிடைத்தன. கொஞ்சம் மேற்கே திருவேடகம். திருஞானசம்பந்தர் விட்ட ஏடு வைகையில் எதிர்நீச்சல் போட்டுக் கரையேறிய இடம் என்பது தல வரலாறு. அதற்கும் மேலே சோழவந்தான் ஜெனகை மாரியம்மன் கோயில், குருவித்துறை பெருமாள் கோயில். வடக்கே அலங்காநல்லூர். அங்கே கீழக்கரையில் 2024 ஜனவரியில் ஏறுதழுவுதல் அரங்கம் திறந்திருக்கிறார்கள். பொங்கல் நாளில் அவனியாபுரம், மாட்டுப் பொங்கலுக்குப் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர் என்பது ஜல்லிக்கட்டு வரிசை.

இத்தனையும் இருந்தும், மதுரைக்கு வரும் வெளியூர்க்காரர் மீனாட்சியம்மன் கோயிலையும் மகாலையும் பார்த்துவிட்டுக் கொடைக்கானலுக்கு சமயநல்லூர் வழியாகவே போய்விடுகிறார். வண்டி நிற்பதில்லை, காசும் நிற்பதில்லை.

இந்தோனேசியாவின் ஜாவா தீவில், யோக்யகர்த்தா பக்கம் இங்லங்கெரான் என்றொரு மலையடிவாரக் கிராமம். அந்த ஊர் இளைஞர்கள் சேர்ந்து, பழைய எரிமலைக் குன்றையும் தங்கள் வீடுகளையும் தோட்டங்களையும் பயணிகளுக்குத் திறந்துவிட்டார்கள். வந்தவர்கள் ஊர்க்காரர் வீட்டிலேயே தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, வயலில் இறங்குகிறார்கள். 2021-ல் ஐ.நா. சுற்றுலா அமைப்பின் சிறந்த சுற்றுலாக் கிராமங்கள் பட்டியலில் அந்த ஊர் இடம்பிடித்தது. அதே வருடம் இந்தியாவிலிருந்து தெலங்கானாவின் போச்சம்பள்ளி இடம்பெற்றது. ஜாவாவில் வெளிநாட்டுக்காரர் நிலத்தை முழு உரிமையோடு வாங்க முடியாது. 1960-ம் வருட நிலச் சட்டம் அதைக் குடிமக்களுக்கு மட்டும் வைத்திருக்கிறது. வயலைக் காக்க 2009-ல் தனிச் சட்டமும் போட்டார்கள். அங்கேயும் வயல் குறைந்துகொண்டுதான் இருக்கிறது என்றாலும், விருந்தாளியை வரவேற்க நிலத்தை விற்க வேண்டியதில்லை என்பதை அந்தக் கிராமம் காட்டியிருக்கிறது. நம் நாட்டில் மகாராஷ்டிராவின் பாராமதிப் பகுதியில் 2005 முதல் வேளாண் சுற்றுலா நடக்கிறது. அந்த மாநில அரசு 2020-ல் அதற்கென்றே ஒரு கொள்கையும் கொண்டுவந்தது.

ஜாவாவுக்கும் மதுரைக்கும் ஒரு பழைய கதைத் தொடர்பும் உண்டு. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை மதுரையில்தான் பெற்றான். பாண்டிய நாட்டில் மழை பெய்து பசி தீர்ந்ததும், மழையில்லாமல் வாடிய சாவக நாட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு கப்பலேறினான். சோறு போடுவதற்காக இங்கிருந்து அங்கே போகக் கிளம்பினான் என்பது காப்பியம்.

சமயநல்லூர், தேனூர்ப் பக்கம் இருப்பவர்கள் பெரிய முதலீடு இல்லாமலேயே தொடங்கலாம். காலையில் நடவு வயல் அல்லது கொடிக்கால், பிறகு திருவேடகம், மதியம் வாழை இலைச் சாப்பாடு, சாயங்காலம் மதுரை. இப்படி ஒரு பகல்நேரப் பயணம் போதும். தங்க வைக்கிற கவலை கிடையாது. நாலைந்து வீடுகள் சேர்ந்து செய்தால் நடவுப் பருவத்தில் ஒருவர், அறுவடையில் ஒருவர் என்று பிரித்துக்கொள்ளலாம். சுத்தமான கழிப்பறையும் நல்ல குடிதண்ணீரும் முதல் தேவை. மருந்து அடித்த வயலில் அந்த வாரம் யாரையும் இறக்காதீர்கள். தங்க வைப்பதாக இருந்தால் சுற்றுலாத் துறையில் விசாரித்து, பதிவு செய்துகொண்டு தொடங்குங்கள். இதை நெல்லுக்குப் பதிலாக நினைக்க வேண்டாம். பாலைப் போல இன்னொரு பக்க வருமானமாக நினையுங்கள். வயல் இருக்கும்வரைதான் வயலைப் பார்க்க ஆள் வரும்.

வாசகர் கேள்விகள்

'நான் சிங்கப்பூர் குடியுரிமை பெற்றுவிட்டேன். ஓ.சி.ஐ அட்டை இருக்கிறது. சொந்த ஊரில் நஞ்சை வாங்கலாமா?'

விலை கொடுத்து வாங்க முடியாது. வெளிநாடு வாழ் இந்தியரும் ஓ.சி.ஐ அட்டைதாரரும் வீடு, வணிக இடம் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவை. பெற்றோரிடமிருந்து வாரிசாக வருவதற்குத் தடையில்லை. உறவினர் பெயரில் வாங்கிப் போடலாம் என்று சொல்வார்கள். அதில் பணமும் போய், உறவும் போகும்.

'பட்டாவில் 0.40.50 என்று போட்டிருக்கிறது. எத்தனை சென்ட்?'

இது ஹெக்டேர், ஏர் கணக்கு. 0 ஹெக்டேர், 40.5 ஏர் என்று படிக்க வேண்டும். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட். ஆக, உங்களுடையது 100 சென்ட், அதாவது ஒரு ஏக்கர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

'நஞ்சையில் வீடு கட்டிக்கொள்ளலாமா? மனையாகப் பிரித்தால் பதிவு செய்வார்களா?'

நஞ்சையை வேறு உபயோகத்துக்கு மாற்ற அனுமதி வாங்க வேண்டும். வேளாண் துறையின் கருத்தும் கேட்கப்படும். அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 முதல் தடை இருக்கிறது. அந்த வருடம் அக்டோபர் 20-க்கு முன்பு போட்ட பிரிவுகளுக்குத்தான் வரன்முறைத் திட்டம் வந்தது. 'பிறகு வாங்கித் தருகிறோம்' என்ற வாய்வார்த்தையை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

'அண்ணன், தம்பி, அக்கா சேர்ந்து கூட்டுப் பட்டா. நான் மட்டும் விவசாயம் செய்கிறேன். என்ன செய்வது?'

எல்லோரும் நல்ல உறவில் இருக்கும்போதே பாகப்பிரிவினை எழுதிப் பதிவு செய்து, அளந்து, உட்பிரிவு போட்டுத் தனிப் பட்டா வாங்கிவிடுங்கள். மடையும் வண்டிப்பாதையும் எல்லாப் பங்குக்கும் பொது என்று பத்திரத்தில் கட்டாயம் எழுதுங்கள். உங்கள் பங்கு தலைமடையில் வந்தால், கீழே இருக்கிறவருக்குத் தண்ணீர் விடும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.